'சரியாத்தான் இருக்கு' என்று நான் சொன்னது

படிப்பு விஷயத்தில் எனக்குத் திமிர் ஜாஸ்தி. அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் தெருவிலிருந்து காலேஜ் படி ஏறிய முதல் பெண் நான். அப்போது தஞ்சாவூரில் எம்.எட். படித்துக்கொண்டிருந்தேன். வயசான பிறகு எழுத்துக் கற்றுக்கொண்டவர்கள் ஒரு பக்கத்தை எப்படிப் படிக்கிறார்கள், படித்ததில் எவ்வளவு புரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி.

அதற்காக ஒரு அட்டை செய்து வைத்திருந்தேன். நடுவில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி வெட்டிய அட்டை. படிப்பவர் அதைத் தன் கையாலேயே வரி வரியாகக் கீழே நகர்த்திக்கொண்டு போகவேண்டும். நான் எதிரே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பேன். படித்த வரிக்கே திரும்ப அட்டையை ஏற்றினால் ஒரு பெருக்கல் குறி போடுவேன். பெருக்கல் அதிகமானால் அந்த ஆள் படிப்பில் மட்டம். இப்படி யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். நானேதான் முடிவு கட்டினேன்.

எங்கள் ஊர் முதியோர் பள்ளியில் அதிகப் பெருக்கல் வாங்கியது என் அத்தை, அப்பாவின் தங்கை. மாமா செத்த பிறகு மிராசுதாரரின் ஆறு மா வயலை, அதாவது இரண்டு ஏக்கரை, ஒண்டியாகக் குத்தகைக்குச் சாகுபடி பண்ணிக்கொண்டிருந்தவள். எழுத்துக் கற்றுக்கொண்டு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நான் கொடுத்த பாடத்தில் ஒருத்தன் நாகூருக்கு பஸ்ஸில் போய் இறங்கி, தர்காவுக்குப் போய், கடைத்தெருவில் சாமான் வாங்குகிறான். மூன்றாம் வரியில் அத்தை நின்றுவிட்டாள். அட்டை மேலே ஏறியது.

"இவன் தர்காவுலேருந்து எந்த வாசல் வழியா வெளிய வர்றான்?"

"அதெல்லாம் கதையில இல்ல அத்தை. மேல படிங்க."

"நல்லா இருக்கே! அவன் எங்க நிக்கிறான்னு தெரியாம நான் எப்படிக் கடைத்தெருவுக்குப் போறது?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெருக்கல் போட்டேன். அந்த ஒரு பக்கத்துக்கு அத்தை எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு நாவலையே முடித்திருப்பேன் என்று அப்பாவிடம் போய்ச் சொல்லிச் சிரித்தேன்.

அது கெட்ட நேரம். குத்தகைக்காரர் பேரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்திருந்தது. மேடைக்கு மேடை அதைத்தான் பேசினார்கள். ஆனால் 'சட்டம் நம்ம பக்கம், ஆபீசு அவங்க பக்கம்' என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டார்கள். பக்கத்து ஊரில் பேர் ஏறாத ஒருவரின் வயலில் போலீஸைக் கரையில் நிறுத்திவிட்டு மிராசு ஆட்கள் இறங்கி அறுத்துக்கொண்டு போனார்கள். அவர் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். அத்தையின் வயலில் சம்பா பால் பிடித்து நின்றது. அறுப்புக்குள் பேர் ஏறாவிட்டால் அந்த வருஷ நெல்லும் போச்சு, வயலும் போச்சு. அத்தைக்கு வேறு ஒரு பிடி மண் கிடையாது.

பேர் ஏற்றச் சொல்லி அத்தை மனுப் போட்டிருந்தாள். அந்த விசாரணைக்கு அவளோடு தாலுகா ஆபீசுக்குப் போனேன். "உங்களுக்குப் படிச்சுச் சொல்ல நான் இருக்கேன், நீங்க எதுக்குப் பயப்படுறீங்க?" என்று பஸ்ஸிலேயே அளந்தேன். ஆபீஸ் தாழ்வாரத்தில் கட்சிக்கரை வேட்டிகளும் துண்டைக் கக்கத்தில் இடுக்கிய சம்சாரிகளுமாக நிற்க இடமில்லை. மிராசுதாரரின் காரியஸ்தர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். சிரித்த முகம்.

"எதுக்கும்மா வம்பு? முதலாளி ராஜிக்கு ஒத்துக்கிட்டாரு. குத்தகைக்காரின்னு உன் பேரையே போட்டாச்சு. கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

டைப் அடித்த காகிதத்தை என்னிடம் நீட்டினார். "நீயே பாரும்மா, படிச்ச பொண்ணு."

அந்தப் 'படிச்ச பொண்ணு' என்ற வார்த்தையில் நான் குளிர்ந்துபோனேன். வாங்கி ஒரு ஓட்டு ஓட்டினேன். அத்தை பேர் இருந்தது. ஊர் பேர் இருந்தது. குத்தகைதாரர் என்று இருந்தது. சர்வே நம்பர், ஆறு மா, பிறகு நாலெல்லை. எங்கள் பக்கத்தில் அதைச் சக்குபந்தி என்பார்கள், நிலத்துக்கு நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்ற விவரம்.

"எல்லையெல்லாம் போட்டிருக்கா?" என்று கேட்டாள் அத்தை.

"எல்லாம் போட்டிருக்கு. சரியாத்தான் இருக்கு."

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி மேஜையில் கட்டுக் கட்டாகக் காகிதம். பக்கத்தில் ஊரின் நிலப் படங்களை வைத்துக்கொண்டு ஊர்க் கணக்குப் பார்க்கும் கர்ணம். அதிகாரி நிமிராமலே கேட்டார். "படிச்சுக் காட்டியாச்சா?"

காரியஸ்தர் முந்திக்கொண்டார். "ஆச்சுங்க. இந்தம்மாவோட அண்ணன் மவதான். எம்.எட். படிக்குது. பாத்து சரின்னுடுச்சு."

அதிகாரி அதையும் ஓரத்தில் எழுதிக்கொண்டார். அத்தை கையில் பேனாவைக் கொடுத்தார்கள். அத்தை பேனாவை மேஜையில் வைத்தாள்.

"நான் ஒரு தடவை படிச்சிடுறேங்க."

"அதான் படிச்சாச்சேம்மா! வெளியில எவ்வளவு பேர் நிக்கிறாங்க பாரு."

எனக்கு மானம் போனது. "அத்தை, போடுங்க. நான்தான் பாத்துட்டேன்ல?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. காகிதத்தை இழுத்து விரலை முதல் வரியில் வைத்தாள். எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். மின்விசிறி கடகடவென்று ஓடியது. காரியஸ்தர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார். பின்னால் யாரோ 'உச்' கொட்டினார்கள். எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது.

"வட... வடக்கே வடிவாய்க்கால்." விரல் நின்றது. மறுபடி வரியின் தொடக்கத்துக்குப் போனது. "வடக்கே வடிவாய்க்கால்." கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. "கிழக்கே சுடுகாட்டுப் பாதை."

கண்ணைத் திறந்தாள். "ஐயா, இது என் வயல் இல்லீங்க. என் வயலுக்கு வடக்க ஓடுறது தண்ணி வர்ற பாய்ச்சல் வாய்க்கால், தண்ணி வடியுற வாய்க்கால் இல்ல. இதுல சொல்லியிருக்கிறது சுடுகாட்டுத் திடல். தண்ணியே ஏறாது. அங்க நான் ஆட்டைக்கூடக் கட்டினதில்ல."

திடலுக்குக் குத்தகைக்காரி என்று அத்தை கையெழுத்துப் போட்டுவிட்டால், கதிர் நிற்கிற வயலில் அவள் யார்? நான் அந்த ஊரில் பிறந்தவள். அந்த வடிவாய்க்காலில் குளித்தவள். அந்தப் பாதையில் என் தாத்தாவைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவள். அத்தனை வார்த்தையும் என் கண்ணில் பட்டது. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. என்ன இருக்கும் என்று நினைத்தேனோ அதைத்தான் படித்திருக்கிறேன்.

காரியஸ்தர் விடவில்லை. "ஐயா, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பொம்பளை. எதையோ எதோடவோ சேத்துக் குழப்புது. படிச்ச பொண்ணே சரின்னு சொன்னதைத் தாங்களும் எழுதியிருக்கீங்க."

அதிகாரி அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ படிச்சியா, இல்லையா?"

படிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. தாழ்வாரத்துக் கும்பலில் எங்கள் தெரு ஆட்கள் நாலைந்து பேர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் காட்டித் தங்கள் பிள்ளைகளை அதட்டிப் பள்ளிக்கூடம் அனுப்புகிறவர்கள்.

"படிச்சேன் சார். ஆனா எனக்குப் புரியல. புரியாமலே சரின்னு சொல்லிட்டேன். அத்தை சொல்றதுதான் சரி."

காரியஸ்தர் வாய்விட்டுச் சிரித்தார். "படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னான்? எம்.எட்.டுக்குத் தமிழ் புரியலையாம்யா!" அறையே சிரித்தது. ஜன்னலில் நின்ற எங்கள் ஆட்கள் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

அதிகாரி சிரிக்காமல் கர்ணத்திடம் படத்தைக் கேட்டார். சர்வே நம்பர் மேல் விரல் வைத்தார். திடல்தான். ராஜிக் காகிதத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார், நேரில் வந்து பார்ப்பதாகத் தேதி போட்டார். சொன்னபடி வந்து வரப்பில் நின்று விசாரித்தார். கதிர் சாய்வதற்குள் வாய்க்காலோர வயலுக்கு அத்தை பேர் ஏறியது. அந்தச் சம்பாவை அத்தைதான் அறுத்தாள்.

ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி ஊர் வந்து இறங்கியதும் நான் அழுதுவிட்டேன். "மன்னிச்சிருங்க அத்தை. எனக்குத் தெரியாம..."

"தெரியாதுன்னு சொல்லியிருந்தா நான் ஏன்டி பயப்படப்போறேன்? சரியாத்தான் இருக்குன்னு சொன்னியே!" என்றாள். அந்தக் குரலில் இருந்தது கோபம் இல்லை, பயம்தான். என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாள்.

பெருக்கல் குறி போட்ட அந்த நோட்டை வைத்து ஆராய்ச்சி எழுத எனக்கு மனசு வரவில்லை. வேறு விதமாகத் திரும்ப ஆரம்பித்தேன், ஒரு வருஷம் பிந்தியது. பிறகு வேலை கிடைத்தது. வாசிப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியே இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

அத்தை என்னிடம் பாசமாகத்தான் இருந்தாள். நான் போனால் விரால் மீன் வாங்கிக் குழம்பு வைப்பாள். ஒரு தடவை நான் போயிருந்தபோது, பூம்புகார்ப் பக்கம் கட்டிக்கொடுத்த அவள் மகளிடமிருந்து கடிதம் வந்தது. மகளுக்கு அப்போது பிள்ளைப்பேறு நேரம். கோழி கிளறின மாதிரிக் கையெழுத்து. அத்தைக்குக் கண்ணில் புரை வேறு. வெளிச்சத்துக்குக் கடிதத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

"நான் படிக்கட்டுமா அத்தை?"

"வேண்டாம். காபி ஆறுது பாரு, குடி" என்று சொல்லிவிட்டு மறுபடி முதல் வரியில் விரலை வைத்தாள்.