அவஸ்தை முடிஞ்ச பிள்ளை

மன்னாரில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வாட்டில் எனக்கு 'ஊசி போடாத மிஸ்' என்று பெயர். என் அறைக் கதவில் உளவியலாளர் என்று எழுதியிருக்கிறது. பிள்ளைகள் அதை வாசிப்பதில்லை. வாசிக்கிற பெற்றோருக்கு அது பிடிப்பதில்லை. "என்ர பிள்ளைக்கு விசர் இல்லை மிஸ், காய்ச்சல்தான்" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு. அதனால் நான் அறையில் இருப்பது குறைவு. பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய் உட்கார்ந்துவிடுவேன்.

பேசாலைப் பிள்ளையின் கதை தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் தாதி இன்றுவரை அதைப் புதன் என்பார். நான் விட்டுக்கொடுப்பதில்லை. செவ்வாயில்தான் அந்தோனியாருக்கு நவநாள். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் பங்குப் பாதர் அந்தப் பூசையை முடித்துக்கொண்டு நேரே வாட்டுக்கு வந்தவர், அவருடைய அங்கியில் சாம்பிராணி மணத்தது. மடு மாதா கோயிலில் ஆடித் திருவிழா முடிந்து, கூடாரம் போட்டிருந்த சனம் வீடு திரும்பிய வாரம் அது. சோளகக் காற்று யன்னல் வழியாகப் புழுதியை அள்ளிக் கட்டில்களில் கொட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பிள்ளைக்கு ஒன்பது வயது. ஊர் பேசாலை, தகப்பன் கடல் தொழில். பிறக்கும்போதே இதயத்தில் ஒரு சிறு ஓட்டை. கனகாலம் காத்திருந்து, கொழும்பில் அறுவைக்குத் தவணை கிடைத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை காலையில் அம்புலன்ஸில் ஏறவேண்டும். நெஞ்சுச் சளி இல்லாமல், நல்ல நிலையில் கொண்டுபோகவேண்டும் என்பதற்காக முன்கூட்டியே எங்கள் வாட்டில் படுக்க வைத்திருந்தார்கள். வாய் ஓயாத பிள்ளை. வந்த அன்றே என்னிடம், "மிஸ், நீங்கள் ஊசியும் போடுறேல்ல, மருந்தும் தாறேல்ல, உங்களுக்கு ஏன் சம்பளம் தருகினம்?" என்று கேட்டவள்.

செவ்வாய் பின்னேரம் பாதர் வந்து போனார். அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை.

அழவில்லை, அடம்பிடிக்கவில்லை, தட்டைத் தள்ளிவிடவும் இல்லை. தாய் சோற்றைக் குழைத்து வாய்க்கருகில் கொண்டுபோனால் மெதுவாகத் தலையை மறுபக்கம் திருப்பினாள். கரண்டியால் தண்ணீர் கொடுத்தால் மட்டும் உதட்டை நனைத்துக்கொண்டாள். மல்லாந்து நேராகப் படுத்து, இரண்டு கைகளையும் நெஞ்சில் கோத்து வைத்துக்கொண்டாள். பேச்சும் நின்றுபோயிற்று.

புதன் காலை வாட்டு டொக்டர் பிள்ளையை நிறை பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இரத்தத்தில் ஒன்றும் இல்லை. காய்ச்சலும் இல்லை. ஞாயிறு வரைக்கும் பார்ப்பன். இப்படியே கிடந்தால் மூக்கால் குழாய் போடவேண்டி வரும். மெலிஞ்ச பிள்ளையைக் கொழும்பில எடுக்க மாட்டினம். தவணை வேற பிள்ளைக்குப் போயிடும். பிறகு எப்ப கிடைக்குமோ தெரியாது."

தாதியிடம் விசாரித்தேன். அவர் வவுனியாப் பக்கம், என்னைப் போலவே சைவக் குடும்பம். "எனக்கு விளங்கேல்ல மிஸ்," என்றார். "நேற்று ராத்திரி நோகுதோ எண்டு கேட்டனான். 'இல்லை மிஸ், எனக்கு அவஸ்தை முடிஞ்சுது' எண்டு தானே சொன்னவள். வடிவாச் சொன்னவள். அப்ப நல்லாத்தானே இருக்கிறாள்?"

அவஸ்தை முடிந்தது என்றால் வேதனை தீர்ந்தது என்றுதான் எனக்கும் பொருள். டொக்டருக்கும் அதையே சொன்னேன். மூவரும் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தோம். வாட்டில் வேலை செய்பவர்களில் கத்தோலிக்கர் பலர் உண்டு. அந்த வசனம் அவர்கள் காதுக்குப் போகவில்லை என்பதுதான் சங்கதி.

புதன் பின்னேரம் இன்னொன்று நடந்தது. அவளுடைய வண்ணப் பென்சில் பெட்டி, தலைக்குப் போடும் இரண்டு கிளிப், பாதி தின்ற பிஸ்கட் பக்கற் எல்லாம் பக்கத்துக் கட்டிலுக்குப் போயிருந்தன. அங்கே இருந்தவள் சிலாவத்துறைப் பிள்ளை. ஏழு வயது முஸ்லிம் சிறுமி, மதிலிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு, தொடை வரை மாவுக்கட்டுடன் கிடந்தாள். "அக்காதான் தந்தவ. நான் கேக்கல்ல. உம்மா மேல சத்தியமா கேக்கல்ல," என்று பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எனக்குச் சொன்னாள்.

தமக்குப் பிரியமான பொருள்களை ஒருவர் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால் கவனமாயிருக்கவேண்டும் என்று நான் படித்த புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. அன்று மாலை வீட்டுக்குப் போய் அவற்றில் சிலவற்றைத் திரும்பவும் புரட்டினேன். ஒன்பது வயதுப் பிள்ளை அறுவைக்கு முன் சாவைப் பற்றி என்ன நினைக்கும் என்று பக்கம் பக்கமாக இருந்தது. பேசாலைப் பிள்ளை அவற்றில் எந்தப் பக்கத்திலும் இல்லை. பயந்த பிள்ளை உடலைச் சுருட்டிக்கொள்ளும். இவளோ கோயிலில் நற்கருணை வாங்கப் போகிறவளைப் போல ஒழுங்காகக் கிடந்தாள்.

வியாழக்கிழமை கதிரையை இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் போட்டேன். தாய் தேநீர் வாங்கப் போயிருந்தார். பேசாலைப் பிள்ளை கண்ணை மூடியிருந்தாள். நான் அவளுடன் பேச முயலாமல், அடுத்தவளின் மாவுக்கட்டில் அவள் கேட்டபடி ஒரு மீன் வரைந்துகொண்டிருந்தேன்.

"இது என்ன மீன் மிஸ்?"

"சீலா."

"சீலாவுக்கு இவ்வளவு வயிறோ? வாப்பா பாத்தா சிரிப்பார்." அவளே தொடர்ந்தாள். "மிஸ், அக்காவுக்கு அந்த வெள்ளைச் சட்டை ஃபாதர் எண்ணெய் பூசினவரெல்லோ. எனக்கு டொபிதான் தந்தவர். எனக்கேன் பூசல்ல?"

"நீ கேட்டனியோ?"

"கேக்கல்ல. நீங்க கேட்டு வாங்கித் தாங்க. கட்டுக்குள்ள கடிக்குது. எண்ணெய் விட்டா சுகமாயிருக்கும்."

"உனக்கு அது வேண்டாம்."

என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த குரல். செவ்வாய்க்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் திரும்பவில்லை. மீனுக்குச் செதில் போட்டுக்கொண்டே இருந்தேன்.

"ஏன் வேண்டாம்?" என்றாள் சின்னவள்.

"அது சாகிற ஆக்களுக்குப் பூசிறது. அவஸ்தை. பூசினாச் சாகவேணும். உனக்குக் கால்தானே, நீ பூசாத."

"உங்களுக்குப் பூசினதுதானே?"

"ஓம்."

"அப்ப ஏன் நீங்க இன்னும் மௌத்தாகல்ல?"



"அதுதான் நானும் பாத்துக்கொண்டு கிடக்கிறன்."

கறுப்புப் பென்சிலைக் கீழே வைத்தேன். என்னிடம் படிப்பு இருக்கிறது, பல வருட அனுபவம் இருக்கிறது. அந்த நேரத்தில் எனக்கு வந்தது சிரிப்பு. அதை விழுங்கத் தெரிந்ததுதான் அன்று என் தொழில் திறமை.

கதிரையைத் திருப்பிப் போட்டு, அவஸ்தை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது, சொல்லித்தரச் சொல்லிக் கேட்டேன். சைவக்காரருக்கு இது தெரியாதா என்று ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். அவளுடைய அப்பப்பா வருத்தமாய்க் கிடந்தபோது பாதர் வந்து நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசினார். எல்லாரும் செபம் சொன்னார்கள். அதற்குப் பிறகு அப்பப்பா சாப்பிடவில்லை; மாமி கரண்டியால் தண்ணீர் தொட்டு வைத்தார். கையைக் கோத்துக்கொண்டு நேராகப் படுத்திருந்தார். விடியக் கோயிலில் துக்கமணி அடித்தது.

"அவஸ்தை பூசினாச் சாப்பிடக் கூடாது மிஸ்," என்றாள். "அப்பப்பா ஒழுங்காச் செய்தவர்."

அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கிற்று. பாதர் போன பிறகு, அவள் சொன்னபடி, தாய் கட்டிலருகில் நின்று தமக்கைக்குத் தொலைபேசியில், "பிள்ளைக்கு அவஸ்தை பூசியாச்சு அக்கா" என்று சொல்லியிருக்கிறார். அறுவைக்கு முன் பலம் கிடைக்கட்டும் என்று கேட்டு வாங்கிய பூசுதல். மகளின் காதில் விழுந்தது தீர்ப்பு. அவளுக்கு மனச்சோர்வு ஒன்றும் இல்லை. சாகப்போகிறவர் எப்படி நடந்துகொள்ளவேண்டுமோ அப்படி, வீட்டுக்குக் கெட்ட பெயர் வராமல் நடந்துகொண்டிருந்தாள்.

தாய் தேநீருடன் வந்தார். நடந்ததைச் சொன்னேன். போத்தலைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றார். நான் மகளுக்கு எதையும் மறுத்துச் சொல்லியிருக்கவில்லை. அந்த எண்ணெயைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை என்று பட்டது. உரிமையுள்ளவர் அவர்தான்.

"எனக்கும் பூசினது," என்றார் தாய்.

மகள் கண்ணைத் திறந்தாள்.

"உன்னைப் பெறேக்க. இதே ஆஸ்பத்திரியில. இரத்தம் நிக்கேல்ல எண்டு உன்ர அப்பா ஓடிப்போய்ப் பாதரைக் கூட்டிக்கொண்டு வந்தவர்."

"எங்க பூசினவர்?"

தாய் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார். மீன் வெட்டிய தழும்பு நிறைந்த கைகள். மகள் எழுந்து உட்கார்ந்து, எண்ணெய் இன்னும் இருக்கிறதா என்பதுபோல அவற்றை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அதுக்குப் பிறகு நீங்கள் என்ன சாப்பிட்டனீங்கள்?"

இந்தக் கேள்வியில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. தாய்க்கும் தெரிந்திருக்கவேண்டும். அவசரப்படாமல் யோசித்தார்.

"பாணும் பருப்பும். பருப்பில உப்பே இல்லை. எண்டாலும் வழிச்சுத் துடைச்சுத் திண்டனான்."

"பாதர் பேசேல்லயோ?"

"அவர்தான் நேர்ஸிட்டச் சொல்லி இன்னொரு துண்டு வாங்கித் தந்தவர்."

மகள் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய்யா என்று தேடினாளோ என்னவோ. "அப்ப எனக்கும் தாங்கோ," என்றாள் கடைசியில். "உப்புப் போட்டு."

தாய் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் சின்னவள் பென்சில் பெட்டியைச் சத்தமில்லாமல் தலையணைக்கடியில் தள்ளினாள். "குடுத்தது குடுத்ததுதான்," என்று எங்கள் ஒருவரையும் பார்க்காமல் சொன்னாள். வெள்ளி முழுவதும் இருவருக்கும் அதே வழக்கு. கடைசியில் நீலமும் பச்சையும் பேசாலைக்கு, மற்றவை சிலாவத்துறைக்கு என்று தீர்ந்தது. தாதியும் நானும் அதில் தலையிடவில்லை.

பாதரிடமும் இதைச் சொன்னேன். வயதில் என்னைவிட இளையவர். "அதுக்கு நோயில் பூசுதல் எண்டு பேர் மாத்திக் கனகாலம் மிஸ்," என்றார். "பிரசங்கத்தில எத்தினை தரம் சொல்லியிருப்பம். சாகிறதுக்கில்லை, சுகப்படுறதுக்கு எண்டு. சனத்தின்ர வாய் மாறுதில்லை." என்னிடம் ஒரு பழைய அகராதி உண்டு. அதில் அவஸ்தைக்கு நிலை, வேதனை, மரணவேளை என்று பொருள்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த வாட்டில் நாங்கள் ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

ஞாயிறு காலை டொக்டர் நிறை பார்த்தார். அவளுடைய கன்னத்தைக் கிள்ளிவிட்டு, அம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னார்.

திங்கள் விடிய வெள்ளெனவே வண்டி வந்து நின்றது. பாதர் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கினார். பிள்ளை வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு அவரைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"பாதர், அம்மாவுக்கும் பூசிவிடுங்கோ."

"அம்மாவுக்கு வருத்தம் ஒண்டும் இல்லையே பிள்ளை."

"அவ ராத்திரி நித்திரை கொள்ளேல்ல. பயப்படுறா. எனக்குச் சொல்லமாட்டா."

தாய் தலையைக் குனிந்துகொண்டார். பாதர் என்னைப் பார்த்தார். பிறகு அவர் பெருவிரலால் தாயின் நெற்றியில் சிலுவை வரைந்தார். சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"எண்ணெய் இல்லையே," என்றாள் பிள்ளை.

"பயத்துக்கு இவ்வளவு காணும்," என்றார் பாதர்.

அவள் அதைக் கொஞ்சம் யோசித்து, சரியென்று ஏற்றுக்கொண்டாள். கதவைச் சாத்தினார்கள்.

அடுத்த வாரம் தாய் கொழும்பிலிருந்து என் தொலைபேசிக்கு எடுத்தார். ஓட்டையை அடைத்தாயிற்று, பிள்ளை கண் முழித்துவிட்டாள் என்றார். வார்த்தைக்கு வார்த்தை மூக்கை உறிஞ்சினார். இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டேன்.

"சண்டை பிடிக்கிறாள் மிஸ். இண்டைக்குத் தண்ணி மட்டும்தானாம் எண்டு நேர்ஸ் சொல்லிப்போட்டா. அதுக்குத்தான்."