கல் பட்டியில் ஒதுங்கியது

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. காலை ஏழரைக்குத் தென்காசி ஸ்டேஷனில் இறங்கினேன். குற்றாலம் மூன்றரை மைல். குதிரை வண்டிக்காரர் ஆறணா கேட்டு நாலணாவுக்கு இறங்கினார். மூட்டுவலிக்கு அருவிக் குளியல் என்பது வைத்தியர் உத்தரவு. இதே தென்காசித் தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற நான் உத்தரவை மீறியதில்லை.

எட்டு மணி. மேலகரம் தாண்டியதும் சாரல் வலுத்தது. சாலையோரக் கல் கட்டடம் ஒன்றில் ஒதுங்கினோம். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்ல, நடுவில் ஓர் எருமை அசைபோட்டது.

"பள்ளிக்கூடமா, தொழுவமா?" என்றேன்.

"ரெண்டுந்தான் அண்ணாச்சி," என்றார் வாத்தியார். "பாலத்துக்கு அறுத்து மிஞ்சுன கல்லுல ஊர்க்காரங்க கட்டுனது. கொத்தன் போட்ட நம்பர் அப்படியே இருக்கு, பாருங்க."

நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் ஏழு, அதன் தலைமேல் பன்னிரண்டு. இந்தச் சுவரைப் பார்த்து எண் படித்தவர்கள்தான் எங்கள் ஆபீஸுக்குக் கணக்கெழுத வந்திருக்க வேண்டும்.

"எருமை?"

"தாலுகா ஏட்டுல 'கல் பள்ளி'க்குப் பதிலா 'கல் பட்டி'ன்னு இருக்காம். பயிர மேயுத மாட்டப் பிடிச்சு அடைக்குத பட்டியாம்! திங்கக்கிழமைக்குள்ள பிள்ளையள வெளிய அனுப்பணும்னு உத்தரவு. எருமை அதுக்குள்ள முந்திக்கிட்டுது. இத விட்டா இதுகளுக்கு மரத்தடிதான், இந்தச் சாரல்ல."

"எந்த மூதி அப்படி எழுதுனது?" என்றார் வண்டிக்காரர்.

வாத்தியார் ஏட்டின் நகலை நீட்டினார். நகலெடுத்தவர் யோக்கியர், ஓரத்துச் சுருக்கொப்பத்தைக்கூட விடவில்லை. முப்பது வருஷத்துக்கு முன் நான் போட்டது.

"எழுதியவரே ஒப்புக்கொண்டு மனு கொடுத்தால் திருத்திவிடலாம்," என்றேன்.

"அந்தாளு உசுரோட இருக்கணுமே?" என்றார் வாத்தியார்.

"இருக்கார். மூட்டுவலிதான்."

வண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வண்டியைத் தென்காசிக்குத் திருப்பினார்.

பத்தரை மணி, தாலுகா ஆபீஸ். "நீங்கதான் எழுதுனீங்கங்கதுக்கு அத்தாட்சி?" என்றார் இளம் குமாஸ்தா. அத்தாட்சி இல்லாமல் மனு வாங்காதே என்று அந்த ஆபீஸுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைசியில் ஒரு தாளைக் கொடுத்து, 'பள்ளி' என்று எழுதிக் காட்டச் சொன்னார். எழுதினேன்.

குமாஸ்தா எட்டிப் பார்த்து, "பட்டி," என்று படித்தார். வேறு அத்தாட்சி கேட்கவில்லை. உத்தரவு அன்றைக்கே ரத்தானது.

மாலை நாலு மணிக்கு ரத்து உத்தரவை வாத்தியாரிடம் கொடுத்துவிட்டுக் கல் பள்ளியிலிருந்து கிளம்பினேன். உள்ளே பதினாறாம் வாய்ப்பாடு. வெளியே சாரலில் நின்ற எருமை என்னைப் பார்த்தபடியே இருந்தது. நனைவதற்கென்றே ஊரிலிருந்து வந்தவன் நான். எருமையை யாரும் சம்மதம் கேட்கவில்லை.