கோமகன் ஒட்பேட் எண்ண வந்த வியாழக்கிழமை

நம்பாதவர்கள் கொழும்பில் வெள்ளவத்தைக்கு வந்து அந்த மாடிப்படியில் ஒருமுறை ஏறிப் பார்க்கலாம். அங்கே மேல்வீட்டில் தனியாக வாடகைக்கு இருந்த நாகேஸ்வரிக்கு இது நடந்தது 1997 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை. பட்டப்பகல்.

கணவன் சிவமணி ஜேர்மனிக்குப் போய் ஐந்து வாரம். அவளும் போவதென்றால் மொழி தெரிய வேண்டும். கொட்டாஞ்சேனையில் வகுப்பெடுத்த பிறிஜெற் ரீச்சர், மொழிபெயர்த்துப் பழகச் சொல்லி ஒரு பழைய ஜேர்மன் புத்தகத்தைக் கொடுத்திருந்தார். எழுநூறு வருடத்துக்கு முந்திய கோமகன் ஒட்பேட்டின் வாழ்க்கையும் ஆட்சியும்.

பெயர்தான் கோமகன். அண்ணனைக் கிணற்றில் தள்ளிப் பட்டத்துக்கு வந்தவன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு பாலம்கூடக் கட்டவில்லை. தன்னைக் கொல்ல எவனாவது எங்காவது ஒளித்திருப்பான் என்ற பயத்திலேயே ஆண்டான். ஒவ்வொரு வீட்டாரும் உள்ளே எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். அவனே படியேறி வந்து எண்ணுவான். தொகை பிழைத்தால் வீட்டுக்கு நெருப்பு. கடைசியில் எதிரிப் படை வந்தபோது இந்த வீரன் பன்றிக் கொட்டிலுக்குள் படுத்துச் செத்தான்.

நாகேஸ்வரிக்கு அருவருப்பாக இருந்தது. வீட்டிலிருக்கும் தமிழரின் பெயர்கள் எழுதிய பொலிஸ் பதிவுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் டோர்ச் அடித்துப் பார்க்கிறவர்களை அவளும் கண்டிருக்கிறாள். கொப்பியில் எழுதிய 'கோமகன்' என்ற சொல்லை வெட்டினாள். மேலே 'கோழை' என்று எழுதினாள்.

நேரம் 2.40.

மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தாள். ஆனால் கீழ்வீட்டு ரேடியோ பாடிக்கொண்டுதான் இருந்தது...

படியில் சத்தம்.

டங்... டங்... டங்...

இரும்பு. பதின்மூன்று படி. பதின்மூன்று தரம் கேட்டது.

பன்றி நாற்றம் அடித்தது.

கதவுக்கு வெளியே மூச்சு... மெதுவாக.

"எத்தனை பேர்?"

ஆண் குரல். ஜேர்மன் மொழி.

அவளுக்கு யாரென்று விளங்கியது. ஆனாலும் அவனுக்குப் பயப்படுவதா என்று ஒரு வெறுப்பு. அதே மொழியில் பதில் சொன்னாள்.

"ஒராள். போ."

ஒன்றுமில்லை... ரேடியோ மட்டும்...

"பிழை. இரண்டு."

திரும்பிப் பார்த்தாள்.

கட்டில். மேசை. அலுமாரி.

யாருமில்லை.

2.46க்கு விசிறி தானாகச் சுற்றத் தொடங்கியது.

கதவைத் திறந்தாள். படி வெறுமையாக இருந்தது. கீழே ஓடிப்போய் வீட்டுக்காரி நளீபாவிடம் யார் வந்தது என்று கேட்டாள்.

"ஒத்தரும் வரல்ல. ஒரு மணிக்கே கேட்டப் பூட்டிட்டேனே," என்றாள் நளீபா. திறப்பு அவள் இடுப்பில்தான் இருந்தது.

செத்த பிறகும் வீடு வீடாய் எட்டிப் பார்க்கிற பிழைப்பு என்று நாகேஸ்வரி வாசலில் காறித் துப்பினாள். ஆனால் அன்று அவள் மாடிக்குத் தனியே போகவில்லை. மறுநாளே புத்தகத்தை ரீச்சரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, காலையில் தலைசுற்றி விழுந்தாள். நளீபாதான் டொக்டரிடம் கூட்டிப்போனாள்.

பரிசோதித்துவிட்டு டொக்டர் சொன்னார், இரண்டு மாதம் என்று.

அந்த வியாழக்கிழமை சிவமணிக்கு அது தெரியாது. நாகேஸ்வரிக்கே தெரியாது.

படியில் நின்றவனுக்குத் தெரிந்திருந்தது.