பிரைமரோடு போன டேங்க்

பைக் வைத்திருப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அதை வைத்திருக்கத் தகுதியில்லாதவர்கள் என்பது டேங்க்காரரின் முடிவு. மீதி ஒருவர் அவரேதான். ஆனால் அவரிடம் பைக் கிடையாது. பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போவார்.

இருபத்திரண்டு வருடமாக அவர் பெட்ரோல் டேங்குக்கு மட்டும் பெயிண்ட் அடிக்கிறார். மட்கார்டைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால், "அதுக்கெல்லாம் வேற ஆளுங்க இருக்காங்க, போ" என்று தலையைக்கூடத் தூக்காமல் சொல்வார். அதற்கு முன் எட்டு வருடம் பஸ் பாடி கட்டும் பட்டறையில் துரு சுரண்டினார். ஸ்ப்ரே கன்னை அங்கே யாரும் அவர் கையில் தரவில்லை. மற்றவர்கள் சாப்பிடப் போகும் அரைமணி நேரத்தில், கன்னில் வெறும் தண்ணீரை ஊற்றித் தகரத்தின் மேல் அடித்து அடித்து, கை எந்த வேகத்தில் போனால் வழியாது என்று தானே கண்டுபிடித்தார். யாரிடமும் கற்காததால் யாருக்கும் மரியாதை தர வேண்டியதில்லை என்றும் அப்போதே கண்டுபிடித்துவிட்டார்.

டேங்கைப் பார்த்தே ஆளை எடை போடுவார். சீட்டை ஒட்டிப் பின்பக்கம் பிறை பிறையாகக் கீறல் இருந்தால் அது பெல்ட் பக்கிள். "வயித்தைக் கொறைக்க முடியலைன்னா சட்டையையாவது வெளிய விடு." மூடியைச் சுற்றி அரைவட்டமாக இருந்தால் சாவிக்கொத்து. "ஒரு பூட்டுக்கு எதுக்குய்யா ஒம்பது சாவி?" டேங்க் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் வெயிலில் மின்னினால், காய்ந்த துணியால் துடைத்தவன். அவனுக்குத்தான் திட்டு அதிகம்.

"தூசின்னா என்னன்னு நெனச்சே, முகத்துக்குப் போடுற பவுடரா? மணல்டா அது. முதல்ல தண்ணிய ஊத்தி அதைக் கீழ எறக்கணும், அப்புறம்தான் துணி. மணலைப் போட்டுத் தேய்ச்சுட்டு பளபளப்பு போச்சுன்னு எங்கிட்ட வந்து அழுவுறே."

வேலையில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. கீறலின் குறுக்கே கட்டைவிரல் நகத்தை இழுப்பார். நகம் வழுக்கிக்கொண்டு போனால் அடி மேல்பூச்சோடு நின்றிருக்கிறது. ரெண்டாயிரம் நம்பர் வாட்டர் பேப்பரும், ஒரு பொட்டு காம்பவுண்டும், பொறுமையும் போதும். நகம் மாட்டினால் நிறம் வரை போய்விட்டது. சுரண்டி, பட்டி வைத்து, தேய்த்து, அடிப்பூச்சாகச் சாம்பல் நிறப் பிரைமர், நிறம், அதன்மேல் கண்ணாடி போன்ற கிளியர் என்று முதலிலிருந்து வர வேண்டும். இப்படி அவர் அடித்த டேங்கில் ஒன்றைக்கூட இதுவரை மறுபடி அடிக்க நேர்ந்ததில்லை. நாளுக்கு ஒரு தடவையாவது இதைச் சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

ஒரு நாள் நர்ஸம்மா ஒருத்தி வந்தபோது பக்கத்துக் கடை மெக்கானிக்கும், வண்டிக்காகக் காத்திருந்த நாலைந்து பேரும் அங்கேயே இருந்தார்கள். கருநீல டேங்க். நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் குதறியிருந்தது.

"என்னம்மா இது, டேங்க்கை வச்சு காய் நறுக்கினியா?"

"பைங்க அண்ணே. டூட்டிக்குப் போறப்ப மடிக்கு முன்னாடி வச்சுக்குவேன். அடியில கொக்கி இருக்கு."

"உங்க ஆஸ்பத்திரில நோயாளிங்க எப்படித்தான் பொழைக்கிறாங்களோ."

அவள் டேங்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

நான்காம் நாள் டேங்க்காரர் கிளியர் அடித்தார். அடித்துக் கையை எடுத்த நிமிஷமே பூச்சு அங்கங்கே விலகிக் குழி விழுந்தது. மிளகு அளவில் வட்டம் வட்டமாக, நடுவில் அடிநிறம் தெரிய. மீன்கண் என்பார்கள். எண்ணெய்ப் பசை எங்காவது ஒட்டியிருந்தால்தான் விழும். அதிலும் பளபளப்புக்கென்று விற்கிறார்களே, அந்த சிலிக்கான் பாலிஷ் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

மறுநாள் அவள் வந்ததும் கடைவாசலில் நிறுத்தியே கேட்டார்.

"டேங்க்ல என்ன தடவி வச்சிருந்தே?"

"ஒண்ணும் தடவலையே."

"பாலிஷ் போட்டிருக்கே."

"தண்ணிய தவிர வேற எதுவும் அதுல பட்டதில்லைங்க."

"பொய் சொல்லாதே. மூஞ்சிக்குப் போடுற மாதிரியே வண்டிக்கும் போட்டிருக்கே. இருபத்திரண்டு வருஷத்துல என் கையில மீன்கண் விழுந்ததில்ல. இப்ப விழுந்துருக்குன்னா அது உன் பொய்யிலதான் விழுந்துருக்கு."

மெக்கானிக் சிரித்தான். காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்து போனது. "மறுபடி அடிங்க" என்று மட்டும் சொன்னாள்.

வெறும் இரும்பு தெரியும் வரை சுரண்டினார். தின்னரால் மூன்று முறை கழுவினார். பிரைமர், நிறம், கிளியர். மறுபடி மீன்கண், முன்னைவிட அதிகமாக.

"பாலிஷ் இரும்புக்குள்ளயே எறங்கிடுச்சு" என்றார், அவள் திரும்ப வந்தபோது.

"இரும்பு என்ன தோலாங்க, உள்ள எறங்க?" என்றாள் அவள். "நாங்க ஊசி போட்டாத்தான் உள்ள எறங்கும்."

இந்த முறை மெக்கானிக் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான்.

டேங்க்காரரின் மனைவி கடையின் உள்ளே ஸ்டிக்கர் வெட்டுகிறவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் பிளேடால்தான் பேசுவாள். நர்ஸம்மா போன பிறகு, மூலையில் கிடந்த ஓட்டை விழுந்த பழைய டேங்கை இழுத்து நடுவில் வைத்தாள்.

"இதுல அடிங்க பாப்போம்."

"எதுக்கு?"

"இது நர்ஸம்மாவுது இல்லையே."

அடித்தார். அதிலும் மீன்கண்.

"கன்னுல தப்பு" என்றார். "கம்ப்ரஸர்ல எண்ணெய் ஏறியிருக்கும்."

மனைவி கையை நீட்டி அவர் தலையைத் தொட்டாள். விரலைப் பழைய டேங்கில் பெயிண்ட் படாத ஓர் இடத்தில் தேய்த்தாள். "இதுக்கு மேல அடிங்க."

அடித்தார். அவள் விரல் பட்ட இடத்தில், விரலின் அகலத்துக்கே, பூச்சு விலகி நின்றது.

விஷயம் இதுதான். நர்ஸம்மா டேங்கைக் கொடுத்த மறுநாள் பெயிண்ட் கடையில் டப்பா எடுத்துக் கொடுக்கும் பெண் அவரைப் பார்த்து, "தாத்தா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றிருக்கிறாள். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அன்று சாயங்காலமே தலைமுடி மின்னுவதற்கென்று ஒரு சின்னக் குப்பி வாங்கினார். தினமும் காலையில் நான்கு சொட்டு. பிறகு அதே கையால் டேங்கைத் தடவி, தூசி இருக்கிறதா என்று பார்ப்பார். குப்பியின் பின்னால் பொடி எழுத்தில் இருந்ததை மனைவி சத்தமாகப் படித்தாள். முதல் பொருளே சிலிக்கான்.

"ஊர் முழுக்க டேங்க்ல பாலிஷ் போடாதேன்னு திட்டுறீங்க. நீங்க உங்க தலைக்கே போட்டுட்டு வந்துருக்கீங்க."

"வாயை மூடு."

"நான் மூடிக்கிறேன். நர்ஸம்மாகிட்ட நீங்க தொறங்க."

தலைக்குச் சோப்பு போட்டுக் குளித்தார். கடையைக் கழுவினார். டேங்கை மறுபடி சுரண்டிப் பிரைமர் அடித்து முடித்திருந்தபோது நர்ஸம்மா வந்தாள்.

"காத்துல ஈரம் அதிகமா இருந்துச்சும்மா. அதான். நாளைக்கு அடிச்சு வச்சுடுறேன்."

அவள் டேங்க்காரரைப் பார்க்கவில்லை. உள்ளே கத்தியை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தாள்.

"அப்ப என் பாலிஷ் இல்லை?"

"அதை விடு."

"எப்படி விடுறது? இத்தனை பேர் முன்னாடி என்னைப் பொய்க்காரின்னீங்க. யார் தப்புன்னு அவங்க முன்னாடியே சொல்லிட்டு பெயிண்ட் அடிங்க. இல்லைன்னா இப்படியே மாட்டிக் குடுங்க."

"பிரைமரோடயா? பைத்தியமா உனக்கு? பிரைமர் தண்ணி குடிக்கும். பெட்ரோல் பட்டா கரையும்."

"மாட்டுங்கண்ணே."

மாட்டினார். வேறு வழி ஒன்று இருந்தது, ஆனால் அதற்கு வாய் திறக்க வேண்டும்.

அதன் பிறகு தினமும் இருமுறை அந்தச் சாம்பல் நிற டேங்க் கடையைக் கடந்து போனது. எல்லோரும் கேட்டார்கள், யார் அடித்தது என்று. அவள் கடையைக் காட்டினாள். மெக்கானிக், "அண்ணே, புது கலர் நல்லாத்தான் இருக்கு, சாம்பிராணி போட்ட மாதிரி" என்றான். டேங்க்காரர் அவனைக் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டார். ஆனால் குரல் எடுபடவில்லை. இரண்டாம் நாள் மூடிக்குக் கீழே பெட்ரோல் வழிந்து மஞ்சளாக ஒரு கோடு விழுந்திருந்ததை ஓடும் வண்டியிலேயே பார்த்துவிட்டார். தன் பெயர் கெடுவது ஒரு பக்கம். கண்முன்னே நல்ல இரும்பு சாவதைப் பார்ப்பது இன்னொரு பக்கம். இரண்டில் எது அதிகம் வலித்தது என்று கேட்டால், கேட்டவரைத்தான் திட்டுவார்.

நான்காம் நாள் பிற்பகலில் வானம் இருட்டியது. முதல் தூறல் விழும்போது அவள் வந்துகொண்டிருந்தாள். டேங்க்காரர் தெருவின் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். வண்டி அவர் முட்டியைத் தொட்டு நின்றது. மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரோடு வெளியே வந்தான். எதிர்க்கடைக்காரர்களும் வந்தார்கள்.

"எறங்கு. மழை வருது."

"சொல்லிட்டீங்களா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். இவர்களில் ஒருவனுக்காவது டேங்கைத் துடைக்கத் தெரியுமா? இவர்கள் முன்னாலா?

"தலைக்கு ஒண்ணு போட்டுட்டிருந்தேன்" என்றார். "மின்னுறதுக்கு. அதுல சிலிக்கான். என் கையிலேர்ந்து டேங்க்குக்குப் போயிருக்கு. இந்தம்மா பொய் சொல்லல. நான்தான்..." மெக்கானிக்கை ஒரு தடவை முறைத்தார். "நான்தான் முட்டாள்."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. "தலைக்கா! அண்ணே, தலையில இருக்குறதே பத்து முடி!" தெரு முழுக்கச் சிரிப்பு. உள்ளே மனைவி ஸ்டிக்கர் தாளால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நர்ஸம்மா சிரிக்கவில்லை. வண்டியைக் கூரைக்குக் கீழே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினாள். டேங்க்காரர் குனிந்து அடிப்பக்கத் தகட்டு விளிம்பை நகத்தால் தடவினார். ஒரு துவரை அளவுக்குச் செம்பழுப்பாகப் பொரிந்திருந்தது.

"நாலு நாள்ல துரு புடிக்க வச்சிருக்கே" என்று அலறினார். "நீயெல்லாம் எதுக்கு வண்டி வச்சிருக்கே?"

"அதைத்தாங்க கேட்டுட்டிருக்கேன், வந்த நாள்லேர்ந்து," என்றாள் அவள், சாவியை அவர் கையில் வைத்தபடி. "நீங்கல்லாம் எதுக்குக் கடை வச்சிருக்கீங்கன்னு."