வடகடலின் மறுகரை

ஆவி, பேய் என்று யாராவது கதையெடுத்தால் தேத்தண்ணீர் ஊற்ற எழும்பிப் போகிறவன் நான். டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் இருபது வருடத்துக்கு மேலாகத் தொழிற்சாலை இயந்திரங்களோடு நிற்கிறவன், கண்ணால் கண்டதைத்தான் நம்புவேன். இதைக் கண்ணால்கூடக் காணவில்லை, அதுதான் சிக்கல்.

போன மாரியில் பெரியண்ணையின் சாம்பலை டென்மார்க்கின் மேற்குக் கரையிலிருந்து படகில் கொண்டுபோய் வடகடலில் கரைத்தோம். கரைத்தபின் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் போகிற உயிர் தயங்கி நின்றுவிடும் என்பது எங்கள் வழக்கம். எல்லோரும் கரையைப் பார்த்து இருக்க, நான் திரும்பினேன். சாம்பல் அலைமேல் இன்னும் மிதந்துகொண்டிருந்தது, பார்க்காமல் எப்படி வருவது? லண்டனிலிருந்து வந்திருந்த அக்கா அதைக் கண்டுவிட்டா. அதற்குப் பிறகு கனவில் அண்ணை ஈர உடுப்போடு வந்து நிற்கிறார் என்று தொலைபேசியில் அழுவா.

"அவர் இன்னும் போகேல்லையடா. நீதான் மறிச்சு வைச்சிருக்கிறாய்."

சிரித்து மழுப்புவேன். பிறகு நித்திரை வராது.

ஆகஸ்டில் லண்டன் போனபோது, அக்கா குடும்பத்தோடு கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊருக்குப் போனோம். இங்கிலாந்தா இது என்கிற மாதிரி வெயில், பொரித்த மீன் வாசம், நிறநிறமாய் மரக்குடில்கள். அக்கா புட்டுப் பொதியை அவிழ்த்தபடி, "வெயிலைக் கண்டிருக்கிறியோ, டென்மார்க்காரா?" என்று பகிடி விட்டா. நான் சிரிக்கவில்லை. முன்னால் கிடந்ததும் அதே வடகடல், அண்ணையைக் கரைத்த தண்ணீரின் மறுகரை.

சாப்பிட்டபின் கடலுக்கு முதுகுகாட்டி நின்று பாயை உதறினேன். நம்பினால் நம்புங்கள், அந்த உச்சி வெயிலில் முதுகு மட்டும் சில்லிட்டது.

"சின்னவன், திரும்பிப் பாக்காதை."

அண்ணையைத் தவிர வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கழுத்து நோக, பாயின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன், எவ்வளவு நேரமென்று தெரியாது, முதுகில் மறுபடி வெயில் ஏறும்வரை.

திரும்பவில்லை.

அன்று பின்னேரம் அக்காவிடம் சொன்னேன். "இனிப் போயிடுவார்" என்று கண்ணைத் துடைத்தா. கனவும் நின்றுவிட்டது. அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

சில கிழமைக்குப் பிறகு அக்காவின் புது மருமகள், அண்ணையைப் படத்தில்கூடக் காணாத வெள்ளைக்காரப் பிள்ளை, தொலைபேசியில் சாதாரணமாகக் கேட்டாள்: அன்றைக்குக் கடற்கரையில் நீங்கள் பாய் உதறும்போது உங்களுக்குப் பின்னால் நின்றவர் யார், உடுப்போடு கடலுக்குள் இறங்கினாரே, ஏன் உங்களையே பார்த்துக்கொண்டு பின்பக்கமாக நடந்துபோனார்?

இப்போதும் கடற்கரைக்குப் போனால் கடலுக்கு முதுகுகாட்டித்தான் இருக்கிறேன். நான் பார்ப்பதில்லை. அவர் பார்க்கிறாரா என்றுதான் தெரியவில்லை.