களவாகச் சாப்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பாலாவியில் எங்கள் வீட்டில் தொடங்கியது இந்தக் கதை. என் கணவருக்குக் கொழும்பில் வயிற்றைச் சிறிதாக்கும் ஒப்பரேஷன் செய்து நான்கு வாரம் ஆகியிருந்தது.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மதுரங்குளியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். நூற்று நாற்பத்திரண்டு கிலோ இருந்தார். சீனி வருத்தம், பிரஷர், படுத்தால் மூச்சடைப்பு என்று எல்லாமே இருந்தன. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் அவர் வாயிலிருந்து உண்மை வராது. வீட்டில் டயட் என்று இரண்டு இடியப்பத்தோடு எழும்புவார். சந்தியில் கொத்து ரொட்டி வாங்கிச் சாப்பிடுவார். ஒருமுறை வேனின் சீட்டுக்கு அடியில் ஏழு சாப்பாட்டுப் பார்சல் தாள்களைக் கண்டெடுத்தேன். "அது கூட வந்தவங்கட" என்றார். ஆகவே நான் காரணம் இல்லாமல் சந்தேகப்படவில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். மிச்சத்தைக் கேட்டால் உங்களுக்கு என்மேல் கோபம் வரும்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லிக்கொடுத்த மிஸ் ஒரு தாள் தந்தார். முதல் இரண்டு வாரம் தண்ணீர் போன்றவை மட்டும். பிறகு அரைத்த கஞ்சி மாதிரி. அதன் பிறகு மென்மையான சாப்பாடு, ஒரு வேளைக்கு நாலைந்து மேசைக்கரண்டி. முதலில் மீனோ முட்டையோ, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. இடைப்பட்ட நேரத்தில் நாள் முழுக்க மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும். சத்தி, அதாவது வாந்தி, நிற்காவிட்டால் உடனே அறிவிக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. நான் அந்தத் தாளில் "கூடாது" என்று வந்த வரிகளைத்தான் மனப்பாடம் செய்தேன். அலுமாரியில் இருந்த பிஸ்கட், சீனி, பேரீச்சம்பழம் எல்லாவற்றையும் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

நான்காவது வாரம் வெள்ளிக்கிழமை நிறை பார்த்தபோது நூறு கிராம்கூடக் குறைந்திருக்கவில்லை. இடையில் அப்படி ஒரு வாரம் முள் அசையாமல் நிற்பது வழக்கம்தான் என்று பின்னாளில் டொக்டர் சொன்னார். அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

"உண்மையச் சொல்லுங்க. எங்க சாப்பிட்டீங்க?"

"வல்லாஹி, ஒண்டும் சாப்பிடல்ல."

"அல்லாஹ்ட பேர இதுக்குள்ள இழுக்க வேணாம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். பிடிபட்டவர் நழுவுகிறார் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் சாட்சியாகத்தான் தெரிந்தது. முள்ளில்லாமல் மசித்த மீனை மூன்று கரண்டி எடுத்துவிட்டு "போதும்" என்பார். பலர் சுற்றியிருந்து சாப்பிடும் ஒரு சஹன் சோற்றைத் தனியாக முடித்த மனிதனுக்கு மூன்று கரண்டி எப்படிப் போதும்? வெளியில் வயிறு நிரம்பியிருந்தால்தானே போதும்? கடையிலிருந்து வரும்போது முகம் கழுவியிருப்பார், சட்டையின் முன்பக்கம் ஈரமாக இருக்கும். வாயில் கராம்பு. அதற்கு முன் அவர் கராம்பு மென்று நான் கண்டதில்லை. வாசத்தை மறைக்கத்தானே அது? பாத்ரூமுக்குள் போனால் பைப்பைத் திறந்துவிட்டு வெகுநேரம் இருப்பார். காற்சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன். மடித்த சொப்பிங் பைகள் இரண்டு. கறுப்பு நிறம். உள்ளே இருப்பது வெளியே தெரியாது.

அவருடைய மூத்த சகோதரியின் மீதும் எனக்குச் சந்தேகம் வந்தது. மதினியின் வீடு கடைக்குப் பின்தெருவில். தம்பியின் கன்னம் ஒட்டிப்போனது என்று என் முன்னாலேயே அழுதவர். அவர் வைக்கும் இறைச்சி ஆணத்துக்கு என் கணவர் எப்படி மயங்குவார் என்பதும் எனக்குத் தெரியும். டெலிபோனில் கோல் எடுத்தேன்.

"மதினி, பகலைக்கு அங்கதான் வாறாராம். என்ன குடுத்தீங்க?"

"எங்கிட்ட ஒண்டும் சாப்பிடல்ல புள்ள. வந்து படுத்தான். தண்ணி குடுத்தன், அதுவும் வேணாம் எண்டுட்டான். மொகம் சரியில்ல. ஒருக்கா டொக்டர்ட்டக் காட்டுங்க."

அக்காவும் தம்பியும் பேசி வைத்துக்கொண்டு கதைக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்குத் தேவையான உண்மையை அந்த மனுஷி எடுத்துக் கையில் தந்தார். நான் அதையும் பொய் என்று தள்ளிவிட்டேன்.

அடுத்த நாள், கையும் களவுமாகப் பிடிப்பதென்று புறப்பட்டேன். அவரிடம் சொல்லவில்லை. பகல் பஸ்ஸில் ஏறினேன். உப்பு ஏற்றிய லொறிக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. அந்த நேரமெல்லாம் என்ன சொல்லி ஏச வேண்டும் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். "உங்கட உசிருக்காக நான் உப்பில்லாம கஞ்சி காச்சிறன், நீங்க இஞ்ச..." என்று தொடங்குவதாக இருந்தேன்.

மதுரங்குளியில் இறங்கியபோது லுஹர் தொழுகைக்காகக் கடைக் கதவு பாதி இழுத்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. பின்கதவு திறந்திருந்தது. சீமெந்து மூட்டைகளைத் தாண்டி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் நடந்தேன். பின்சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தார். எனக்கு முதுகுதான் தெரிந்தது. கையில் கறுப்புப் பை. தலை அந்தப் பைக்குள் குனிந்திருந்தது.

"நல்லாத் தின்னுங்க!" என்று கத்தினேன்.

அவர் திரும்பினார். உதடு வெடித்திருந்தது, கண் குழிக்குள் கிடந்தது. பையில் சாப்பாடு இல்லை. கொஞ்சம் நுரைத் தண்ணீர் மட்டும். சத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

சுவரைப் பிடித்து எழும்பப் பார்த்தார். கால் பின்னியது. நான் தாங்கிப் பிடித்தபோதுதான், அந்தப் பெரிய மனிதர் என் தோளில் எவ்வளவு லேசாகச் சாய்கிறார் என்று உணர்ந்தேன்.

"நீ ரெண்டாத் தெரியிறாய்" என்றார்.

மதினியைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் மதினி ஓதிக்கொண்டே வந்தார். என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை.

அங்கே இருந்த சிங்கள டொக்டர் தெரிந்த தமிழில் என்னிடம் கேட்டார்:

"சத்தி எத்தின நாள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அலுமாரியில் எத்தனை பிஸ்கட் பக்கெட் இருக்கிறது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என் கணவரின் காற்சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்றும் சொல்லியிருப்பேன். கட்டிலில் படுத்திருந்தவர்தான் மெதுவாகச் சொன்னார்: "பதினொரு நாள்."

சேலைன் ஏற்றுவதற்கு முன்பே ஒரு விற்றமின் ஊசி போட்டார்கள். தொடர்ந்து சத்தி எடுத்ததில் உடம்பில் அந்தச் சத்து வற்றிப்போய்விட்டது. அதனால்தான் பார்வை இரட்டையானதும் கால் தள்ளாடியதும். இன்னும் சில நாள் விட்டிருந்தால் மூளையைத் தாக்கி, சரிசெய்ய முடியாத சேதம் ஆகியிருக்கலாம் என்றார்கள். பிறகு கொழும்புக்கு அனுப்பினார்கள். வெட்டித் தைத்த வயிற்றில் ஓரிடம் சுருங்கி, சாப்பாடு இறங்க வழி குறுகியிருந்ததாம். வாய் வழியாகக் குழாய் விட்டு அதை விரித்தார்கள். மூன்று கரண்டிக்கு மேல் அவருக்கு உண்மையாகவே இறங்கவில்லை. இறங்கியதும் நிற்கவில்லை.

வார்டில் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்த பிறகு கேட்டேன்.

"ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?"

"சொன்னா, வெளியில திண்டுட்டு வந்துதான் சத்தி எடுக்கிறன் எண்டு சொல்லுவாய். முந்தி நான் பொய் சொன்ன ஆள்தானே."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் அதை நியாயம் என்பது போலச் சொன்னார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அவர் சேலைன் ஏறாத கையால் என் தலையைத் தடவினார். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். ஆறுதல் சொன்னவர் அவர்.

இன்று அவர் நன்றாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். கடைக்குப் போகிறார், சின்னப் பீரிசுத் தட்டில் ஆறுதலாக, அவசரமில்லாமல் மென்று சாப்பிடுகிறார். என் சந்தேகக் குணம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இப்போதும் அவர் பார்சலோடு வந்தால் என் கண் அங்கேதான் போகும். ஆனால் எங்கள் பக்கம் இந்த ஒப்பரேஷன் செய்தவர்களின் வீட்டுக்காரிகள் சிலர் எனக்குக் கோல் எடுத்து, "எவ்வளவு சாப்பாடு குடுக்கிற?" என்று கேட்பார்கள். அது டொக்டரும் மிஸ்ஸும் சொல்ல வேண்டிய கணக்கு என்று சொல்லிவிட்டு, நான் அவர்களிடம் திருப்பி ஒன்று கேட்பேன்: சாப்பாடு இறங்கவில்லை என்றால், அதைப் பயமில்லாமல் உங்களிடம் சொல்ல அவருக்கு நீங்கள் இடம் வைத்திருக்கிறீர்களா? அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் இருந்த பதில், இல்லை என்பதுதான்.