மச்சான் எடுத்துத் தந்த வேலை

வேலையை விடுவதாக வெள்ளிக்கிழமை மேலாளரிடம் சொல்லிவிட்டேன். மச்சானிடம் சொல்லவில்லை. திங்கள் காலைக் கூட்டத்தில் மேலாளர் எல்லோருக்கும் அறிவித்துவிடுவார். அந்தக் கூட்டத்துக்கு என்னைக் காரில் ஏற்றிப் போகிறவரே மச்சான்தான்.

மச்சான் என் மனைவியின் தமையன். துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசர். நான் மொன்றியலுக்கு வந்த புதிதில் தன் வாக்கைக் கொடுத்து என்னை அங்கே நுழைத்தவர். ஒருவர் சொல்லி எடுத்துத் தந்த வேலையை விடுவது எங்களுக்குள் அவர் வீட்டுப் பந்தியில் பாதியில் எழும்புவது மாதிரி.

பிடிக்காத வேலையை விடும் இந்தக் கெட்ட பழக்கத்தை எனக்குப் பழக்கியவன் பக்கத்து மேசைப் பிரெஞ்சுக்காரன். லியோனில் வங்கி வேலையை விட்டான், சலிப்பாம். பிறகு தச்சு வேலை. பிறகு மொன்றியல், எங்கள் கிடங்கு. போன மாதம் இதையும் விட்டு ஒரு பேக்கரிக்குப் பாண் சுடப் போய்விட்டான். போகுமுன், "உனக்கு இந்த வேலை பிடிக்குமா?" என்று கேட்டான். அதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. வேலை பிடிக்காவிட்டால் வீட்டுக்கு வந்து தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று குறை சொல்வோம், அதோடு சரி. நானோ ஐம்பதைத் தாண்டிய வயதில் ஒரு கார்டரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், உதவியாளர் வேலை தேடிக்கொண்டேன். கொள்கலன்களைவிடக் குழந்தைகள் பதில் சொல்லும் என்ற நம்பிக்கை.

திங்கள் காலை, கோட்-டெ-நெய்ஜில் என் வீட்டு வாசலில் காரில் ஏறியதிலிருந்து வாயைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தேன். துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்ததும் சொல்லிவிட்டேன்.

"மச்சான், நான் வேலையை விடுறன்."

அவர் ரோட்டையே பார்த்தார். "ஆரும் ஏதும் சொன்னவங்களோ?"

"இல்லை. பிடிக்கேல்லை."

"எனக்கென்ன பிடிச்சே செய்யிறன்? பேந்து என்ன செய்யப்போறீர்?"

"கார்டரியில. சின்னப் பிள்ளையளோட."

"உம்மட பிள்ளையளையே தங்கச்சிதான் வளத்தவள். அவளுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"மனேச்சருக்கு?"

"வெள்ளிக்கிழமை சொன்னனான்."

சிவப்பு விளக்கு பச்சையானது. கார் நகரவில்லை. பின்னால் லொறிக்காரன் ஹோர்னை அழுத்திப் பிடித்தான்.

"அப்ப நான்தான் கடைசி," என்றார்.

கிடங்கு வாசலுக்குச் சற்று முன்பே காரை நிறுத்தினார். "இதிலை இறங்கும். நான் முன்னுக்குப் போறன். ஆறுதலா, மெள்ள நடந்து வாரும்."

துறைமுகத்து ஆற்றுக் காற்று முகத்தில் அறைந்தது. இனிப் பேச்சுவார்த்தை இல்லை, ஞாயிறு பூசைக்குக்கூட தேவாலயத்தில் வேறு வாங்கில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். உள்ளே போனதும் மேலாளர் என் கையைக் குலுக்கினார்.

"உன் மச்சான் சொன்னார். இந்த வேலை உனக்குச் சரிவராது, விடு என்று மாதக்கணக்காக அவர்தான் உன்னை வற்புறுத்தினாராமே."

மச்சான் ஜன்னலுக்கு வெளியே கொள்கலன்களைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் வழக்கம்போல ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் கேட்டார்.

"அந்தக் கார்டரியில உமக்கு ஆரைத் தெரியும்?"

"ஒருத்தரையும் தெரியாது."

"அப்ப எப்பிடி எடுத்தவங்கள்?"

"போய்க் கேட்டன். எடுத்தவங்கள்."

"ஒருத்தரும் சொல்லாமலோ?" காலையில்கூட இல்லாத கவலை இப்போது அவர் முகத்தில் வந்தது. "பாத்து, மச்சான். உது என்ன மாதிரி இடமோ தெரியேல்லை."